ஐந்து மணிக்குத் தெருவைக் கடக்கும் பந்து

ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டு டிவியிலிருந்து ஒரு பந்து வெளியேறி, ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போய், முக்கால் நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது. பந்து என்று பெயர்தானே தவிர, அது சதுரம். தீப்பெட்டியில் பாதி இருக்கும், வெள்ளை நிறம், கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வட்டம் போட வராது. சதுரமாகப் போட்டுவிட்டு, வட்டமாக நினைத்துக்கொள்ளும் பொறுப்பைப் பார்க்கிறவர்களிடம் விட்டுவிடும். மெக்கானிக் முதலில் டிவியின் பின்பக்கம் போய், படத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். படம் அகலமாகிப் பந்து வெளியே வழிகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். திருகில் குறையில்லை. அதற்குள் பந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டிவிக் கண்ணாடிக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, திரையின் இடது ஓரத்தில் நின்றிருந்த மட்டையில் டொக்கென்று பட்டு, மறுபடியும் வெளியே போயிற்று. அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மட்டையை நகர்த்தும் குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நின்றுபோன லிஃப்ட்டுகளிலிருந்து மனிதர்களை வெளியே எடுத்தே முப்பது வருடம் கழிந்தவர் என்பதால் அவருக்குப் பதற்றம் என்பது அடுத்தவர்களுடைய சமாச்சாரம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம்தான். தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களை, கீபோர்டே கம்ப்யூட்டராக இருந்து டிவியில் செருகி, கேசட்டில் புரோகிராம் ஏற்றி ஓட்டியவற்றை, எங்கே கண்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். லிஃப்ட்டின் மோட்டார் அறை எந்தக் கட்டடத்திலும் மொட்டைமாடியில்தான் இருக்கும். ஜனங்கள் தூக்கிப்போட மனசில்லாத சாமான்களைக் கொண்டுபோய் வைப்பதும் அங்கேதான். எல்லாம் சேர்த்து வீட்டில் இருபத்திரண்டு. படுக்கையறைச் சுவர் முழுக்க அடுக்கியிருந்தார். மனைவியின் துணிமணிகள் எல்லாம் வராந்தாப் பெட்டிக்குக் குடிபோய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தபால் ஆபீசில் கடிதங்களுக்கு முத்திரை குத்தும் வேலையில் இருந்த அந்த அம்மாள் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே வேலையைத்தானே செய்யுது, ஒண்ணு இருந்தா போதாதா?”

“ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி.”

“அப்படி என்னதான் செய்யும்?”

“போட்டதும் ‘ரெடி’ன்னு காட்டும்.”

“அப்புறம்?”

“நாம என்ன சொல்லப்போறோம்னு காத்துக்கிட்டு இருக்கும்.”

“இந்த வீட்டுல அதாவது காத்திருக்கே,” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இருபத்திரண்டில் இருபத்தொன்றை மெக்கானிக் ஓடவைத்திருந்தார். ஓடாதது ஒன்றே ஒன்று, அவருடைய அப்பாவின் கம்ப்யூட்டர். அப்பா வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்துவருகிறவர். பிள்ளைகளுக்குக் கணக்கு வரட்டும் என்றுதான் அதை வாங்கினார். பிள்ளைகள் இருவரும் கணக்கை விட்டுவிட்டுப் பந்தை மட்டையால் திருப்பி அடிக்கும் விளையாட்டை மட்டும் கற்றுக்கொண்டார்கள். திரையின் இடது பக்கம் தம்பி, வலது பக்கம் மூன்று வயது மூத்த அக்கா. அப்பா அவர்களை எழுப்பிவிட்டு, அன்றைய மீட்டர் எண்களை எல்லாம் ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றி, திருப்தியாக ஒரு முறை பார்த்து, சுவிட்சை அணைப்பார். அணைத்ததும் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுநாள் மறுபடி ஏற்றுவார். அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. அப்பா காலமான மாதத்தில், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த அக்கா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, தம்பி அந்தக் கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, தூசி படிந்த மேஜையில் கீபோர்டு அளவுக்கு ஒரு சுத்தமான நீள்சதுரம் இருந்தது. அன்றிலிருந்து பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே தெருதான். தம்பி வீடு தெருவின் இந்த முனையில் மாடியில், அக்காவின் மருந்துக்கடை அந்த முனையில். தெரு நடுவில் வளைவதால் இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு காலி மனை மட்டும்.

எடுத்துக்கொண்டு போன கம்ப்யூட்டர் பதினோரு வருடமும் ஓடவில்லை. ஊரில் யார் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தாலும் ஓடவைக்கிறவருக்கு இது மட்டும் மசியவில்லை. உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினார், பித்தளை முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார், சிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கடைசியில் ஒரு விடுமுறை நாளில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியபோது, கடுகளவு ஈயப்பற்று ஒன்று விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. அவ்வளவு அசிங்கமாகப் பற்றவைத்தது யார் என்று கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, பத்து வயதில் தான் ஒரு தடவை இதைத் திறந்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். அதைச் சரிசெய்ததும் கம்ப்யூட்டர் ‘ரெடி’ என்றது. கேசட்டைப் போட்டார். அது நாலு நிமிடம் கிறீச்சிட்டு விளையாட்டை ஏற்றியது. இடது மட்டை நகர்ந்தது. வலது மட்டை என்ன செய்தும் அசையவில்லை. அசையாத மட்டையைத் தாண்டிய பந்து திரையின் ஓரத்தோடு நிற்காமல் வெளியே போயிற்று. அந்தப் புதன்கிழமை நடந்தது இதுதான்.

அந்த முனையில் என்ன நடந்தது என்பதை மனைவிதான் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். அக்கா தம்பிச் சண்டை எதுவும் நாத்தனாரிடம் மாத்திரை வாங்குவதைப் பாதிக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பந்து கடைக்குள் வந்தபோது அக்கா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் அலமாரி முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள். எண்ணிய மாத்திரைகளை மேஜையில் கொட்டிவிட்டு, மாத்திரைத் தட்டாலேயே பந்தைத் திருப்பி அடித்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவர் அது என்னவென்று கேட்டதற்கு, “என் தம்பி கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டான் போலிருக்கு,” என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாராம். ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவருக்குத் தன் தலைக்கு மேல் தினமும் ஒரு பந்து போய்வருவது தெரிய ஏழு மாதம் பிடித்தது. தெரிந்த அன்று நாற்காலியை ஓர் அடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ஐந்திலிருந்து ஆறு மணி என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது. பந்து கீழே தார் ரோட்டிலும், மேலே மின்கம்ப உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரையிலும் மோதி மோதிப் போகும். யாராவது தவறவிட்டால் புர்ரென்று ஒரு சத்தத்தோடு மறைந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் டிவியிலிருந்து வேறொன்று புறப்படும். தெரு நாய்கள் ஒரு மாதம் குரைத்து அலுத்துப்போயின. துணி காயப்போடுகிறவர்கள் கொடியில் நடுவே ஒரு முழம் இடம் விட்டார்கள். பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி ஐந்தேகால் மணிக்குக் குனிந்து பழகி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் அந்த நேரத்துக்குக் குனிந்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, இது வாகனமா, பறவையா, கம்பியா என்று கேட்டார். படிவத்தில் அந்த மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதால் கம்பி என்று போட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘அசையும்’ என்று எழுதிக்கொண்டு போனார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் மூன்று பேரையும் மெக்கானிக் ஆசையாக அழைத்துவந்து காட்டினார். கேசட் கிறீச்சிட்டபோதே ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. பந்து ஜன்னல் வழியாகப் போய்வந்ததை மூவரும் கவனமாகப் பார்த்தார்கள். அசல் மாடலில் வெள்ளை இவ்வளவு வெள்ளையாக இருக்காது, லேசாகப் பச்சை ஓடும் என்றார் ஒருவர். டொக் என்ற சத்தம் இன்னும் கொஞ்சம் கனமாக வரவேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாற்றிய கெப்பாசிட்டர்கள் அந்தக் காலத்தவையா, புதியவையா என்று கேட்டார். புதியவை என்று தெரிந்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இப்படி மூன்று வருடம் போயிற்று. பேச்சு மட்டும் கிடையாது. ஆனால் அக்காவின் சேதி எல்லாம் மெக்கானிக்குக் கைக்கு வந்துகொண்டிருந்தது. சளிப் பிடித்த நாளில் பந்து கொஞ்சம் சாய்ந்து வரும். அத்தானோடு ஏதாவது என்றால் ரோட்டில் மோதாமல் நேராக வரும். மருந்து கம்பெனி ஆட்கள் வந்துபோன நாளில் அதன் வேகத்தைப் பார்த்து மனைவி டீ டம்ளர்களை உள்ளே எடுத்துவைத்துவிடுவார். மெக்கானிக்கும் தன் பங்குக்குப் பேத்தி பிறந்த அன்று எல்லாப் பந்தையும் கூரையில் இரண்டு தடவை தட்டி அனுப்பினார். மறுநாள் மருந்துக்கடையிலிருந்து கிரைப்வாட்டர் பாட்டில் ஒன்று, யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமல், மனைவியின் பையில் வந்து சேர்ந்தது.

அப்புறம் காலி மனையை ஒரு பல் டாக்டர் வாங்கினார். அஸ்திவாரம் போட்டார்கள், தூண் எழுப்பினார்கள், பந்து தூண்களுக்கு நடுவே போய்வந்தது. சுவர் ஏற ஏறப் பந்தும் ஏறிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டம் பதினொன்றுக்கு எட்டு என்று இருந்தபோது, கொத்தனார் கடைசி வரிசைச் செங்கல்லை வைத்தார். மெக்கானிக் அடித்த பந்து வழக்கத்தில் பாதி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. அவர் மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. அன்று முழுக்க ஒன்றுகூடத் தவறாமல் வந்தது. எல்லாம் ஒரே வேகம், ஒரே சாய்மானம். சளி கிடையாது, கோபம் கிடையாது, யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அப்படி ஒரு ஆட்டத்தை அவர் ஆடியதே இல்லை. ஆறு மணிக்குக் குமிழைக் கீழே வைத்தார். ஸ்கோர் போய்விடக்கூடாது என்று கம்ப்யூட்டரை அணைக்காமலே படுத்தார். ஒன்பது நாள் சுவரோடு ஆடினார். மனைவி ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்கிவந்து வைத்துவிட்டு, “அண்ணி அஞ்சு மணிக்குத் தட்டை எடுத்துக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க,” என்றார். “ஆறு மணி வரைக்கும் நின்னுட்டு உள்ள போறாங்க.” மெக்கானிக் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பத்தாம் நாள் ஐந்து மணிக்கு மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறிவரும் சத்தம் கேட்டது. அக்கா, கையில் மாத்திரைத் தட்டோடு. பதினாலு வருடத்தில் தலை நன்றாக நரைத்திருந்தது. வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“எத்தனை?”

“பதினொண்ணு எட்டு,” என்றார் மெக்கானிக்.

“யாருக்குப் பதினொண்ணு?”

“உனக்குத்தான்.”

“பன்னெண்டு. சுவர் ஏறுறதுக்கு முந்தின நாள் வியாழக்கிழமை நீ விட்டதைச் சேர்க்கல.”

“அது வேற ஆட்டம்க்கா. தினமும் முதல்லேருந்துதான் வரும். நான் எங்க எண்ணுறேன், மெஷின்தானே எண்ணுது.”

“உன் மெஷின்.”

“அப்பா மெஷின்.”

அக்கா உள்ளே வந்து, தட்டை டிவி மேல் வைத்தார். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார். மீட்டர் எண்களை ஏற்றி ஏற்றி எண் பட்டன்களில் மட்டும் எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

“அப்பா மெஷின்னு தெரியுதுல்ல. தெரிஞ்சுதான் பெட்ஷீட்ல சுத்தி எடுத்துட்டுப் போனியா?”

“கேட்டா நீ குடுக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“குடுத்திருக்க மாட்டேன்தான்,” என்றார் அக்கா. “ஆனா நீ கேட்டிருக்கணும்டா.”

மெக்கானிக் குமிழைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், “சரி, இப்பக் கேக்கறேன். நான் எடுத்துக்கட்டுமா?” என்றார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். “குடுக்க முடியாது,” என்றார். “இங்கயே இருக்கட்டும்.”

சட்டப்படி அந்தக் கம்ப்யூட்டர் யாருடையது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வந்ததுதான் வந்தோம், ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம் என்று, அக்கா டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே தட்டோடு நின்றுகொண்டார். அங்கே இருந்த இடம் நாலடி. தெரு நீளத்துக்குப் பழகிய கை அக்காவுடையது. முதல் பந்தில் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடி போயிற்று. இரண்டாவதில் டீ டம்ளர், மூன்றாவதில் இன்னொரு டம்ளர். அக்காவும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லிச் சத்தம் போடத் தொடங்கினார்கள். பதினாலு வருடம் சேர்த்துவைத்திருந்ததால் சத்தம் நன்றாகவே வந்தது. மனைவி நடுவில் வந்து நின்றார்.

“ரெண்டு பேரும் பேசிட்டீங்கல்ல, ரொம்ப சந்தோஷம். அண்ணி, இனிமே நீங்க உங்க கடையிலேருந்தே ஆடுங்க.”

ஆனால் சுவர் இருந்தது. பல் டாக்டரின் கட்டடத்துக்கு லிஃப்ட் வைக்கும் வேலை மெக்கானிக்கின் கம்பெனிக்குத்தான் வந்திருந்தது. அவர் லிஃப்ட் குழியை அளந்துகொண்டிருந்தபோது டாக்டர் வேலையைப் பார்க்க வந்தார். மெக்கானிக் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“டாக்டர், முதல் மாடியில ரெண்டு ஜன்னல் வேணும். நேருக்கு நேரா.”

“எதுக்கு?”

“பந்து போகணும்.”

டாக்டர் யோசித்தார். மனையைப் பார்க்க வந்த அன்றே பந்தைப் பார்த்திருந்தார். கொசு, தண்ணீர்ப் பற்றாக்குறை மாதிரி இதையும் புரோக்கர் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று அப்போது கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். இப்போது அவருடைய கவலை தூசி வருமா என்பது. பந்தில் தூசி இருக்காது என்று மெக்கானிக் உறுதி சொன்னார். “அந்தப் பக்கம் எங்க அக்கா இருக்காங்க,” என்று சேர்த்துக்கொண்டார். டாக்டருக்கும் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு பக்கச் சுவரையும் உடைக்கச் சொன்னார். பந்து இரண்டு நாள் சுவரில் முட்டிவிட்டு, மூன்றாம் நாள் ஜன்னல் உயரத்துக்குப் பழகிக்கொண்டது. ஒரு ஜன்னலில் நுழைந்து, பல் பார்க்கும் நாற்காலிக்கு மேலே மூன்றடி உயரத்தில் போய், மறு ஜன்னலில் வெளியேறும். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஊசி குத்தியதை உணரவில்லை என்று தெரிந்தபிறகு, டாக்டர் பல் பிடுங்குவதை எல்லாம் ஐந்து மணிக்கு மேல் மாற்றிக்கொண்டார். அந்த வேளையில் இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது. சும்மா பல்லைக் காட்ட வந்தவர்கள் சிலர் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டே போனார்கள்.

லிஃப்ட் ஓடத் தொடங்கி ஆறு மாதம் கழித்து மெக்கானிக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்தது. அவர் வெளியே போகிற நாட்களில் மனைவிதான் குமிழைத் திருப்புவார். அன்றும் மனைவியிடம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போனார். நாற்காலி பின்னால் சாய்ந்தது, வாயில் பஞ்சு வைத்தார்கள். ஐந்து மணிக்கு இடது ஜன்னல் வழியாகப் பந்து வந்தது. இத்தனை வருடத்தில் அதைப் புறப்படும்போதும் பார்த்திருக்கிறார், வந்து சேரும்போதும் பார்த்திருக்கிறார், வழியில் பார்த்ததில்லை. மனைவி அடித்த பந்து கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு அவர் முகத்துக்கு மேலே போயிற்று. தூரத்தில் டொக் என்று தட்டுச் சத்தம். திரும்பி வந்த பந்தைப் பார்த்து அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கினார். நிறையத் தண்ணீர் ஊற்றிய டம்ளரைச் சிந்தாமல் எடுத்துவருகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நேராக வந்துகொண்டிருந்தது அக்காவின் பந்து. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அக்காவுக்கு இப்படி அடிக்கத் தெரியும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. தன் ஜன்னலுக்கு வரும் பந்துகளுக்காக நாற்காலியிலிருந்து துள்ளித் துள்ளி அவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது.

அவர் பஞ்சு வழியாக ஏதோ சொன்னார். அந்தப் பாஷை டாக்டருக்கு நன்றாகத் தெரியும்.

“ஆமாங்க, உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் மெதுவாத்தான் அடிக்கிறாங்க. நான் எப்பவோ கவனிச்சேன்,” என்றார். “உங்களுக்கு வர்றது வேற வேகம். நீங்க ஆடுற அன்னிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பந்து வந்தா ஊசியைக் கீழ வச்சுட்டுத்தான் நிப்பேன்.”

மெக்கானிக் கூரையைப் பார்த்தபடி அதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். தனக்கு வருவது வேறு வேகம். அவருக்கு என்னவோ இதமாக இருந்தது. வாயை இன்னும் அகலமாகத் திறந்தார். பந்து பதினேழு தடவை போய்வந்ததை எண்ணினார், அதற்குள் பல் கிண்ணத்தில் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். ஒரு பக்கம் மரத்துப்போய், கன்னம் வீங்கி, பேச முடியாமல் நின்றார். மனைவியின் கையிலிருந்து குமிழை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கூரையில் தட்டாமல், ரோட்டில் மோதாமல், நேராக ஒரே ஒரு பந்தை அனுப்பினார். அந்த முனையில் அக்காவுக்குக் கை மாறியது தெரிந்துவிட்டது. திரும்பி வந்த பந்தில் ஜன்னல் திரை கம்பியோடு கழன்று விழுந்தது.